ஸ்டாப் கணக்கு தெரிந்தால் கேமராக் கடையில் பணம் மிஞ்சும்

‘எந்த கேமரா வாங்கலாம்?’ என்று கேட்பவரிடம், எங்கே, எந்த நேரத்தில் படம் எடுக்கப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் நம்மவர்கள் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிராங்கூன் சாலையின் அலங்கார விளக்குகள், விடியும் முன்னே தொடங்கிவிடும் தைப்பூசக் காவடிகள், ஆலய மண்டபத்தில் நடக்கும் திருமணம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் பிள்ளையின் பிறந்தநாள், மரினா பேயில் அந்தி நேரம். இந்தப் பதில்களில் நடுப்பகல் வெயிலுக்கு இடமே இல்லை. வெளிச்சம் குறைந்த இடங்களில்தான் நமக்கு எப்போதும் வேலை. அப்படியிருக்க, கடையில் மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கேட்டு மயங்குவதில் பொருள் இல்லை. கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பொருள் எனக்கு எத்தனை ‘ஸ்டாப்’ வெளிச்சம் கூடுதலாகத் தரும்? அதற்கு எத்தனை வெள்ளி?

ஸ்டாப் என்பது ஒளியை அளக்கும் படி. ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரட்டிப்பாகும். ஒரு ஸ்டாப் குறைந்தால் பாதியாகும். ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயி மேலே போனால் அதிர்வெண் இரட்டிப்பாவதைப் போன்ற கணக்கு இது. இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு, மூன்று என்றால் எட்டு மடங்கு, பத்து என்றால் 1,024 மடங்கு.

இந்த அளவு ஏன் தேவைப்படுகிறது? நம் கண் நம்மை நன்றாக ஏமாற்றுவதால். வெயிலில் நடந்து வந்து வீட்டுக்குள் நுழைந்தால் சில நொடிகளில் எல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. ஆனால் உச்சி வெயிலுக்கும் இரவில் வீட்டு விளக்கொளிக்கும் இடையே ஒன்பது, பத்து ஸ்டாப் வேறுபாடு இருக்கிறது. அதாவது, வரவேற்பறையில் கேமராவுக்குக் கிடைப்பது வெயிலில் கிடைப்பதில் ஐந்நூறில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோதான். பகலில் அழகாகப் படமெடுக்கும் கேமரா பிறந்தநாள் கேக்கின் முன் தடுமாறுவதற்குக் காரணம் இந்தப் பள்ளம்.

இந்தப் பள்ளத்தை நிரப்பக் கேமராவில் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஷட்டர் எளிது. ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு அது. 1/60 நொடி திறந்திருந்ததை 1/30 நொடி திறந்து வைத்தால் ஒரு ஸ்டாப் லாபம். ஆனால் அந்த நேரத்துக்குள் கை அசைந்தாலும் எதிரே இருப்பவர் அசைந்தாலும் படம் மங்கும்.

அப்பெர்ச்சர் என்பது லென்ஸின் திறப்பு. அதன் எண் வரிசை புதியவர்களைக் குழப்பும்: எஃப்/1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. எண் சிறியதானால் திறப்பு பெரிது. லென்ஸின் குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவதே இந்த எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/2 என்றால் திறப்பு 25 மில்லிமீட்டர் அகலம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பரப்பைப் பாதியாக்க எண்ணை 1.4 ஆல் பெருக்க வேண்டும். வரிசையில் ஒவ்வொரு படியும் சரியாக ஒரு ஸ்டாப். இந்த எட்டு எண்களையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். வாய்ப்பாடு மாதிரி என்றைக்கும் உதவும்.

மூன்றாவது ஐஎஸ்ஓ. 100, 200, 400 என்று இரட்டிப்பாகும். இதைப் பற்றித்தான் தவறான புரிதல் மிகுதி. ஐஎஸ்ஓவைக் கூட்டினால், ஒளியைப் பதிவு செய்யும் சென்சாருக்குள் ஒரு துளி ஒளிகூட அதிகமாக வராது. வந்த ஒளியின் பதிவைப் பெருக்கிக் காட்டுவதே அதன் வேலை. படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் ‘நாய்ஸ்’ என்ற புள்ளிகளுக்கு முதல் காரணம் ஒளி குறைவாக வந்தது. ஐஎஸ்ஓ அதை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. ஆகவே ஷட்டரும் அப்பெர்ச்சரும் உண்மையான வருமானம், ஐஎஸ்ஓ கடன் என்று வைத்துக்கொள்ளலாம். கடன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். புள்ளி விழுந்த படத்தைப் பார்க்க முடியும்; மங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது கணக்கைத் தெருவுக்குக் கொண்டுபோவோம். சிராங்கூன் சாலையில் ஒரு மாலைக் கடை, இரவு எட்டு மணி, பூ தொடுப்பவரின் முகம். கேமராவுடன் சேர்ந்தே வரும் 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸில் 55-இல் நின்றால் அதன் அதிகபட்சத் திறப்பு பொதுவாக எஃப்/5.6. அவர் கை அசையாமல் தெரிய 1/125 நொடி தேவை என்றால், அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400 பக்கம் போக வேண்டியிருக்கும். அதே இடத்தில் எஃப்/1.8 திறப்புள்ள ஒரு சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் ஐஎஸ்ஓ 640 போதும். இரண்டுக்கும் இடையே மூன்றே கால் ஸ்டாப், ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி. கேமரா அதே கேமராதான்.

தைப்பூசத்தில் இது இன்னும் கடுமையாகும். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் நோக்கி வரும் காவடி நடந்தால் 1/250 போதும். சுழன்று ஆடினால் 1/500 வேண்டும். பூக்கடையில் இருந்த அதே வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால், 1/500-க்கு எஃப்/5.6 லென்ஸ் கேட்பது ஐஎஸ்ஓ 25,600, எஃப்/1.8 கேட்பது 2,500. முதல் எண்ணைப் பார்த்ததும் சிலர் ஃபிளாஷைப் பொருத்துவார்கள். அலகு குத்தி, விரதமிருந்து, கண் சொருகி வருபவரின் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதை நான் எந்த ஸ்டாப் கணக்கிலும் ஏற்கமாட்டேன்.

வெள்ளிக் கணக்குக்கு வருவோம். முன்னணி நிறுவனங்கள் பலவும் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைச் சில நூறு வெள்ளிக்குள் விற்கின்றன. பழையதாக வாங்கினால் இன்னும் மலிவு. மூன்றே கால் ஸ்டாப்புக்கு இதைவிட மலிவான வழி கேமரா உலகில் எனக்குத் தெரிந்து இல்லை. அதே 50 மில்லிமீட்டரில் எஃப்/1.2 லென்ஸ் பல ஆயிரம் வெள்ளி. அது எஃப்/1.8-ஐவிடக் கூடுதலாகத் தருவது ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும். வேறு அழகுகள் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொடங்குபவரின் பணம் அங்கே போக வேண்டியதில்லை.

சென்சாரின் அளவையும் இதே தராசில் வைக்கலாம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5-க்கு 15.6. பரப்பில் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம், அதாவது ஒரு ஸ்டாப்பும் சில்லறையும். மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் வகையோடு ஒப்பிட்டால் இரண்டு ஸ்டாப். ஏபிஎஸ்-சியிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் உடலும் லென்ஸ்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் செலவாகும். கிடைப்பது அந்த ஒரு ஸ்டாப். எஃப்/5.6 ஜூம் லென்ஸோடு ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவரைவிட, எஃப்/1.8 லென்ஸோடு ஏபிஎஸ்-சி வைத்திருப்பவருக்கு இரவில் வசதி அதிகம்.

ஒரு எச்சரிக்கை. ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸின் பார்வை குறுகும். 75 போலத் தெரியும். நம் வீவக வரவேற்பறையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் பாட்டியும் பேரனும் மட்டுமே படத்துக்குள் வருவார்கள். வீட்டுக்குள் எடுப்பதே முக்கியம் என்றால் 35 அல்லது 24 பக்கம் பாருங்கள். அதேபோல், திறப்பு பெரிதானால் தெளிவாக விழும் ஆழம் குறையும். மூன்று வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தை எஃப்/1.8-இல் எடுத்தால் முன்வரிசைக்கு மட்டும் முகம் இருக்கும். அங்கே எஃப்/5.6-க்குப் போய், போன மூன்று ஸ்டாப்பை ஐஎஸ்ஓவில் கடன் வாங்குவதே சரி.

அசைவைத் தடுக்கும் நிலைப்படுத்தி ஐந்து ஸ்டாப், ஏழு ஸ்டாப் தரும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் அது உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே ஈடுகட்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/50 நொடி என்பது பழைய விதி. ஐந்து ஸ்டாப் என்றால் அரை நொடிக்கும் மேலாகப் பிடிக்கலாம் என்று அர்த்தம். கோபுரத்துக்கு அது போதும். ஆடுகிற காவடிக்குப் பயனே இல்லை. காவடி எடுப்பவர் அசைவதை எந்த நிலைப்படுத்தியும் நிறுத்தாது. முக்காலிக்கும் இதே நியாயம். அசையாத பொருளுக்கு முக்காலி எண்ணற்ற ஸ்டாப் தரும், அசையும் மனிதருக்கு ஒன்றும் தராது. உங்கள் படங்களில் கோபுரம் அதிகமா, மனிதர்கள் அதிகமா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கைபேசியே போதாதா என்றால், பலருக்குப் போதும். கைபேசியின் சென்சார் சிறியது. சில உயர்ரகக் கைபேசிகளில் இருக்கும் ஒரு அங்குலச் சென்சார்கூட ஃபுல் ஃபிரேமைவிட மூன்று ஸ்டாப் பின்தங்கியது. அந்தக் குறையைச் சரிக்கட்ட அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. எதிரே எதுவும் அசையாதவரை இந்த வித்தை அருமையாக வேலை செய்யும். உணவங்காடி நிலையத்தில் பரோட்டா வீசுபவரை அப்படி எடுத்தால் விரல்கள் குழம்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

இனி அந்தி. பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருக்கும் நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்கும். ஏழு மணி வாக்கில் மறைந்தால், இருபது இருபத்திரண்டு நிமிடங்களில் அந்தி வெளிச்சம் முடிந்துவிடும். தெளிவான வானில் சூரியன் மறையும்போது இருக்கும் ஒளிக்கும் அந்த முடிவில் இருக்கும் ஒளிக்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஸ்டாப். சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் கைவிட்டுப் போகிறது. மெர்லயன் பூங்காவில் நின்று மரினா பே சேண்ட்ஸ் கட்டடத்தை எடுக்கும்போது, வானத்தின் நீலமும் கட்டட விளக்குகளும் ஒரே அளவில் பொருந்துவது இந்த இறக்கத்தின் நடுவே சில நிமிடங்கள் மட்டும்தான். ஏழு மணிக்கு வைத்த அமைப்பை மாற்றாமல் ஏழே காலுக்கும் அழுத்திக்கொண்டிருந்தால் கறுப்புப் படம்தான் கிடைக்கும். ஐரோப்பியப் பயிற்சிக் காணொளிகள் சொல்லும் நீண்ட நீலப் பொழுதை இங்கே எதிர்பார்க்காதீர்கள். சூரியன் மறைவதற்கு முன்பே முக்காலியை நிறுத்திச் சட்டகத்தை முடிவுசெய்துவிட வேண்டும்.

பகலிலேயே நீரைப் பட்டுபோல் மழுங்க எடுக்க விரும்புபவர்கள் என்டி ஃபில்டர் வாங்குவார்கள். அது ஸ்டாப்பைக் கழிக்கும் கண்ணாடி. என்டி8 மூன்று ஸ்டாப், என்டி64 ஆறு, என்டி1000 பத்து. 1/60 நொடி எடுத்த படம் என்டி1000 போட்டால் பதினேழு நொடி எடுக்கும்.

அலங்கார விளக்குகளை எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் கேமரா பழுதில்லை. சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50-இல் எடுத்துப் பாருங்கள்.

வெளிச்சத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் முக்கியம். தானியங்கி முறையில் கேமரா, காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் நின்றால் வேட்டி அழுக்காகத் தெரியும். எக்ஸ்போஷர் ஈடு என்ற பொத்தானில் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். இருட்டுப் பின்னணியில் ஒரு முகம் என்றால், இருட்டை வெளுக்க முயன்று முகத்தைச் சுண்ணாம்பு ஆக்கிவிடும். அங்கே ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். நம் நிறத்தை நம் நிறமாகவே காட்ட இந்தப் பொத்தான்தான் துணை. கைபேசிச் செயலிகள் கேட்காமலேயே தோலை வெளுத்துத் தருவதை ‘அழகு’ என்று பெயரிட்டிருப்பது எனக்கு எரிச்சல்.

பட்டுச்சேலைக்குத் தனிக் கவனம் தேவை. அரக்குச் சிவப்பு, குங்குமச் சிவப்பு, செவ்வந்தி மாலையின் ஆரஞ்சு ஆகியவற்றில் சிவப்புப் பதிவு மட்டும் முன்கூட்டியே நிரம்பி வழிந்துவிடும். அப்புறம் நெசவும் மடிப்பும் தெரியாது. பெயின்ட் பூசிய துணிபோல இருக்கும். வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டினால் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

குறைத்து எடுத்ததைப் பிறகு தூக்க முடியுமா? முடியும், சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தாம். ரா கோப்பில் 12 பிட் என்றால் 4,096, 14 பிட் என்றால் 16,384. இருண்ட பகுதியை இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கினாலும் ரா தாங்கும். ஜேபெக் திட்டுத்திட்டாக உடையும். ஆனால் நிரம்பி வழிந்து வெளுத்துப்போன பகுதியில் எதுவும் பதிவாகியிருக்காது, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. விளக்குகள் நிறைந்த இரவுப் படங்களைச் சற்றுக் குறைவாக எடுத்துப் பிறகு தூக்குவதே பாதுகாப்பு.

திருத்தும் மென்பொருளிலும் அளவு இதே ஸ்டாப்தான். லைட்ரூமில் எக்ஸ்போஷர் கோலை +1.00-க்கு நகர்த்தினால் ஒரு ஸ்டாப். டார்க்டேபிளில் இவி என்று குறிப்பிடுவதும் அதுவே. இதைப் புரிந்துகொண்டவர் மென்பொருளைக் கேமராவின் தொடர்ச்சியாகப் பயன்படுத்துவார். எப்போதும் +1.5 தூக்க வேண்டியிருக்கிறது என்றால், எடுக்கும்போதே எங்கோ ஒன்றரை ஸ்டாப் விட்டுவிடுகிறீர்கள்.

எதை வாங்குவது? முதல் ஆறு மாதத்துக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கேனான், நிக்கான், சோனி ஆகியவை தங்கள் கேமராக்களின் ரா கோப்புகளைத் திறக்கும் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. அழகாக இருக்காது, மெதுவாக ஓடும், ஆனால் நிறம் சரியாக வரும். டார்க்டேபிளும் ராதெரபியும் முற்றிலும் இலவசம். பொத்தான்களின் கூட்டம் முதலில் மிரட்டும். கைபேசியிலேயே முடிக்க நினைப்பவருக்கு ஸ்னாப்சீட் போதும். மாதச் சந்தா கட்டி லைட்ரூம் வாங்குவதற்கு இன்று வலுவான ஒரு காரணம், 2023-இல் அதில் சேர்ந்த நாய்ஸ் நீக்கும் வசதி. என் கண்ணுக்கு அது ஒரு ஸ்டாப்புக்கு மேலேயே மிச்சப்படுத்துகிறது. ஃபுல் ஃபிரேமுக்கு மாறச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தை எடுக்கும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள். வேலை செய்ய ஓரளவு வேகமான கணினி வேண்டும்.

புதிதாக வாங்கும்போது உள்ளூர் உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். வேறு நாட்டுக்கென வந்த சரக்கு மலிவாகத் தோன்றும், பழுதானால் அலைய வேண்டியிருக்கும். ஒரு நாள் திருமணத்துக்காக மட்டும் விலையுயர்ந்த லென்ஸ் தேவை என்றால் வாடகைக்கு எடுங்கள். கேனானும் நிக்கானும், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத ‘மிரர்லெஸ்’ வகைக்கு முழுமூச்சாக மாறிவிட்டதால், அந்தக் கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களும் அவற்றின் எஃப்/1.8 லென்ஸ்களும் பழைய சரக்கில் மலிவாகக் கிடைக்கின்றன. சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலுள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை பிற்பகல் சுற்றினாலே விலை நிலவரம் பிடிபடும்.

இந்த ஊரின் ஈரப்பதத்துக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். அலமாரியில் துணி சுற்றி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அது உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் படர்ந்து பூச்சையே அரித்துவிடும். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் மின்சார உலர்பெட்டி ஒன்று, இரண்டாவது லென்ஸுக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள். அதுவரை, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனி பூத்தால் துடைத்துப் பயனில்லை. பையை மூடியபடியே சற்று நேரம் வெளிச்சூட்டில் விட்டு, பிறகு திறக்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது இதே பூஞ்சையைத்தான் தேட வேண்டும். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, திறப்பை முழுதாக விரித்து, பின்பக்கத்திலிருந்து கைபேசி விளக்கை அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். இரண்டு மூன்று தூசு இருந்தால் கவலை இல்லை. நூல் நூலாகக் கிளைத்திருந்தாலோ, புகை படிந்ததுபோல் இருந்தாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். விளக்கு அடித்துப் பார்க்க விடாத கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.